உம்பாய் வளைவில் முந்திய மோட்டர்

— சிரிக்காத, ஜானகி. எனக்கு வயிறு எரியுது, நீ சிரிக்கிற.

— சிரிக்கலீங்க, மீன் கழுவிக்கிட்டிருக்கேன். சாமுவேல் இப்ப என்ன பண்ணிட்டாரு?

— என்ன பண்ணலன்னு கேளு. போன ஞாயித்துக்கிழமை உம்பாய் வளைவுல என்னைய முந்திட்டுப் போனான்லா. பின்னால மோட்டர் கிளப்பு முழுக்கப் பாத்துக்கிட்டு வருது. நான் பிரேக்கத் தொட்டேன், என் வண்டி மூக்கு அப்படியே கீழ முங்கிருச்சு. ஹேண்டல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுது. அவன் வண்டி ஒரு ஆட்டம் இல்லாம சாஞ்சு போவுது. போற போக்குல இடது கையத் தூக்கி வேற காட்டுறான்.

— வணக்கம் சொல்லியிருப்பாரு.

— வணக்கமா? திமிரு. நாங்க எல்லாம் மீன் சுடுற கடையில நிப்பாட்டிட்டோம். தொர நிக்கல. ஹெல்மெட்டக் கூட கழட்டாம நேரா போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா, வாய மூடிக்கிட்டு சிரிக்கிறான்.

— அதுக்காக ஒரு வாரமா சாப்பாட்ட அளைஞ்சுக்கிட்டு இருக்கணுமா?

— உனக்கென்ன, நீ அன்னைக்கு அவன் பொண்டாட்டி டோரிஸோட அவங்க வீட்டுல உக்காந்து கதை பேசிக்கிட்டிருந்த. ரெண்டு வண்டியும் எழுபத்திரெண்டாம் வருஷத்து ஹோண்டா, ஒரே மாடல். என்னோடது எங்கப்பா எஸ்டேட்டுல லோரி ஓட்டுனப்ப வாங்குனது. அவன் வண்டி எவனோ கோழிக் கொட்டாய்ல போட்டு வச்சது. அது என்னைய முந்துது. எனக்குத் தூக்கம் வருமா?

— சரி, முந்துச்சு. விடுங்களேன்.

— எப்படிலா விடுறது? காலையில கிளப்புத் தலைவர் பரமேஸ்வரண்ணன் போன் பண்றாரு. அடுத்த வாரம் புலாவ் செபாங் போறப்ப கிளப்புக் கொடியக் கட்டிக்கிட்டு அந்த வண்டி முன்னால போகட்டும் தம்பி, உன் வண்டி ஆடுதுங்கிறாரு. எத்தனை வருஷமா நான் முன்னால போறேன். எங்க சித்தப்பா, அத்தை, எல்லாரும் அந்த ஊரு ரயில் ஸ்டேசன் வாசல்ல நிப்பாங்க. காளிதாஸ் எங்கன்னு கேட்டா, பின்னால புகை குடிச்சுக்கிட்டு வர்றான்னு சொல்றதா?

— அப்ப முன் சக்கரத்தத் தாங்குற போர்க்க சரி பண்ணுங்க.

— பண்ணலியா? லோரி ஆயில் கெட்டியா இருக்கும்னு அதையே உள்ள ஊத்துனேன். புது டயர் போட்டேன். வெள்ளிக்கிழமை தவறாம பூசை வேற போடுறேன்.

— அந்தப் பூசைதாங்க கெடுக்குது.

— வாயக் கழுவு ஜானகி.

— கோவப்படாம கேளுங்க. போர்க்குல ரெண்டு குழாய் மேலயும் கீழயும் ஏறி இறங்குதுல்ல? நீங்க அது மேல பட்டை போட்டு சந்தனத்த அப்பி வைக்கிறீங்க. காஞ்சா அது மணல்தான். ஒவ்வொரு குழியில இறங்கும்போதும் ரப்பர் சீல அறுக்குது. உள்ள இருக்கிற ஆயில் ஒழுகிப் போயிருது. ஆயில் இல்லாம ஸ்பிரிங் மட்டும் குதிச்சா வண்டி ஆடாம என்ன செய்யும்?

— அப்ப எங்கப்பா வண்டிக்கு சந்தனமே வைக்கக் கூடாதா?

— லைட்டுல வைங்க, டேங்குல வைங்க. ஏறி இறங்குற குழாயில வேணாம்.

— சாமுவேல் வண்டியில மட்டும் என்ன இருக்கு?

— டேங்குல ஒரு மாதா படம் ஒட்டியிருக்காரு. அது பாட்டுக்கு இருக்கு. சீல் புதுசு, ஆயில் சரியான அளவு. ஸ்பிரிங் தளர்ந்திருந்துச்சு, அதுக்கு மேல ஒரு துண்டுக் குழாய் வெட்டி வச்சு இறுக்கியாச்சு. ஹேண்டல் கழுத்துக்குள்ள பேரிங் குண்டெல்லாம் தேஞ்சிருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு. அதான் வளைவுல நிக்குது.

— நில்லு. தம்பின் டவுன்ல எங்கயோ கடையில குடுத்து செஞ்சான்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

— நாந்தான் செஞ்சேன்.

— நீயா? அவன் வீட்டுலயா?

— அவங்க வீட்டு வாசல்ல. டோரிஸ் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சா. தெங்கேராவுல எங்கப்பா ஓர்க்‌ஷாப்புல நான் என்ன செஞ்சேன்னு நினைச்சீங்க? கோப்பி கலக்குனேன்னா?

— புருஷன் வண்டி வீட்டு வாசல்ல ஆடிக்கிட்டு நிக்குது. நீ ஊரான் வண்டிய சரி பண்ணியிருக்க. இதுக்கு அவன் முந்துனதே பரவாயில்ல போலிருக்கு.

— வலிக்குதா? எனக்கும் வலிச்சுச்சு. கல்யாணமாகி வந்த வாரம் ஒரு துணி எடுத்துக்கிட்டு உங்க வண்டியத் துடைக்கப் போனேன். என்ன சொன்னீங்க?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்க.

— பூசை போடுற வண்டி, பொம்பள கை படக் கூடாதுன்னேன்.

— அன்னையிலேருந்து எனக்கு அது மேல பொறாம. எனக்கு ஒரு வார்த்தை நல்லதா சொல்ல மாட்டீங்க, அத மட்டும் தடவித் தடவிப் பேசுவீங்க. ஆயில் ஒழுகுறது வர்றப்பவும் போறப்பவும் கண்ணுல படும். ஒழுகட்டும்னு விட்டுட்டேன்.

— இவ்வளவு மனசுல வச்சிருந்தியா?

— வேற எங்க வைக்கிறது?

— சரி, தப்புதான். இந்தா சாவி. அடுத்த ஞாயிறுக்குள்ள முடியுமா?

— முடியும். குளிச்சிட்டுத்தான் தொடணுமா?

— குத்திக் காட்டாதலா. எப்படி வேணும்னாலும் தொடு. அதே உம்பாய் வளைவுல அந்த சாமுவேல நான் ஒரு தடவ முந்தணும், அவ்வளவுதான். முந்திட்டு பரமேஸ்வரண்ணன்கிட்ட கொடியக் கேப்பேன்.

— சாமுவேல முந்தி என்ன செய்யப் போறீங்க? அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல். கட்டில விட்டே எந்திரிக்கல.

— என்ன விளையாடுறியா? அவன் எப்பவும் போடுற சிவப்பு ஜாக்கெட்ட நான் கண்ணால பாத்தேன்.

— செஞ்ச வேலைய யாராவது ஓட்டிப் பாக்கணும்லங்க. ஜாக்கெட்டு அவரோடது. உங்களுக்குக் கை காட்டுனது நான்.