இடது சக்கரம்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறதே, அது மோட்டார் கோளாறு அல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் கீழே வளைந்திருக்கிறது. ஒட்டடை அடிக்கும்போது யாரோ இடித்திருப்பார்கள். ஸ்டூல் இருந்தால் இப்போதே நிமிர்த்திவிடலாம். வேண்டாம் என்று கை காட்டுகிறீர்கள், விட்டுவிடுகிறேன்.

என் பெயர் ரத்தினவேல். ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் குடியிருக்கிறேன். கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் மாணவர்களுக்குச் சோதனைகள் செய்துகாட்டி ஓய்வு பெற்றவன். வீரமலை செத்துப்போனதற்காக நீங்கள் பாலக்கரை ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜெகபர் அலியைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் தவறான சாமானை விற்றார் என்பது உங்கள் எண்ணம். அவர் விற்றது சரியான சாமான். அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வீரமலை லால்குடியில் அரிசி ஆலை வைத்திருந்தார். மதராசுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரவழைத்து, திருவானைக்காவலில் இருந்த தம் நெல் கிடங்கில் ஒரு குட்டி விமானமே கட்ட ஆரம்பித்தார். மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, ஒரே ஓர் இருக்கை. ஊரில் அதைப் பறக்கும் கட்டில் என்றார்கள். வரைபடத்தைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அதில் எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது, சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் மட்டும் இல்லை. உங்கள் ஊரில் பொருத்தமாகக் கிடைப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. பொருத்தம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் தினமும் பஸ் பிடித்து அங்கே போனேன் என்று சொல்லலாம்.

வீரமலைக்கு ஸ்கூட்டர் சக்கரம் போட ஆசை. பார்க்க லட்சணமாக இருக்குமாம். ஸ்கூட்டர் திரும்பும்போது சாய்ந்துகொள்கிறது, அதனால் பாரம் எப்போதும் சக்கரத்தின் நேர்கோட்டிலேயே இறங்கும். விமானம் தரையில் சாயாது. பக்கக் காற்றில் இறங்கினால் சக்கரத்தைப் பக்கவாட்டில் இடிக்கும். ஸ்கூட்டர் சக்கரம் அப்பளமாகிவிடும். இதை நான் ஒரு மணி நேரத்துக்குள் விளக்கிவிட்டேன். பிறகு யுத்த காலத்துப் பழைய விமானங்களின் சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் ஒரு ஜோடி சக்கரம் கிடைத்தது. பிரேக்கும் உள்ளேயே இருந்தது. ஆனால் பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டர் அந்த ஜோடியில் இல்லை. அதற்காகத்தான் ஜெகபர் அலி வந்தார். இடது கால் இடது சக்கரத்துக்கு, வலது கால் வலது சக்கரத்துக்கு என்று காலுக்கு ஒன்றாக இரண்டு கார் சிலிண்டர் கொடுத்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சிலிண்டருக்குள் குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். கப் என்பார்கள். காரில் இருப்பது மரத்துப் பாலில் செய்த ரப்பர். கார் பிரேக் எண்ணெயின் மூலம் விளக்கெண்ணெய், அதில் இந்த ரப்பர் சுகமாக இருக்கும். விமானச் சக்கரத்துக்கு ஊற்றுவதோ பெட்ரோலிய வகைச் சிவப்பு எண்ணெய். அதில் மரத்து ரப்பர் ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பிவிடும். அந்த எண்ணெய்க்கு ரசாயன ரப்பர்தான் தாங்கும். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. ஜெகபர் அலி எங்கெங்கோ தேடி ரசாயன ரப்பரில் இரண்டு கப் கொண்டுவந்தார்.

அன்றைக்குக் கிடங்கில் வீரமலை, அவர் மனைவி பவுனம்மாள், ஜெகபர் அலி, நாலைந்து ஆசாரிகள் எல்லோரும் இருந்தார்கள். நான் அழுத்தம் எண்ணெயில் எப்படிப் பரவுகிறது என்பதிலிருந்து தொடங்கினேன்.

"வாத்தியாரே, சக்கரம் உருளணும், பிரேக் புடிக்கணும். இதுக்குக் காவேரி எங்க பொறக்குதுன்னு ஆரம்பிச்சா எப்படிங்க?" என்றார் வீரமலை.

"அவரு குடகுலேருந்து கல்லணைக்கு வந்து சேர்றதுக்குள்ள நம்ம வயலு காஞ்சிரும்" என்றார் பவுனம்மாள்.

ஆசாரிகள் சிரித்தார்கள். ஒருவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வீரமலை திரும்பி, "பாய், நீங்க சொல்லுங்க. ரெண்டே வார்த்தையில" என்றார்.

"இந்தக் கப்பு, அந்தச் செவப்பு எண்ணெ. அவ்ளோதாங்க. காரு கப்பைப் போட்டுராதீங்க, உப்பிக்கும்" என்றார் ஜெகபர் அலி.

"பாத்தீங்களா வாத்தியாரே. முடிஞ்சுபோச்சு."

எனக்கு அதில் கோபம் இல்லை. நன்றாக எழுதிக்கொள்ளுங்கள், கோபம் இல்லை. சிலருக்குச் சொன்னால் ஏறாது, செய்து காட்ட வேண்டும். நான் சம்பளம் வாங்கியதே அந்த வேலைக்குத்தான்.

வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடியில் சிவப்பு எண்ணெய் ஊற்றிக் கார் கப் ஒன்றைப் போட்டுவைத்தேன். என் மனைவி ஏதோ புது ஊறுகாய் என்று நினைத்து வெயிலில் நகர்த்திவைத்தாள். அது நல்லதாகப் போயிற்று, சூட்டில் இன்னும் சீக்கிரம் உப்பியது. சில நாளில் எவ்வளவு பருக்கிறது என்று அளந்துகொண்டேன். சிலிண்டரில் ஒரு சின்னத் துளை உண்டு. காலை எடுத்ததும் எண்ணெய் அதன் வழியாகத்தான் திரும்பிப் போகும். பருத்த ரப்பர் அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது.

சிலிண்டர்களைப் பொருத்தும் வேலை என்னுடையது. வலது பக்கத்துக்கு ஜெகபர் அலி கொடுத்த கப்பைப் போட்டேன். இடது பக்கத்துக்குக் கார் கப்.

ஏன் இரண்டு பக்கமும் போடவில்லை என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வண்டியில் இரண்டு மாடும் சேர்ந்து நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஓடுகிற வண்டியில் ஒரு மாடு மட்டும் நின்றால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

விஜயதசமி அன்று காலையில் முதல் பறத்தல் என்று வீரமலை நாள் குறித்தார். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மன்னார்புரத்துக்குத் தெற்கே உள்ள பொட்டலுக்கு விமானத்தைக் கொண்டுபோய், கீற்றுக் கொட்டகைக்குள் நிறுத்தி, சக்கரத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஸ்பானர், சுத்தியல், திருப்புளி எல்லாம் வாழையிலையில் சாமி முன்னால் அடுக்கியாயிற்று. பொரி வாங்க வந்த ஜெகபர் அலி, விமானத்தை நகர்த்துவதற்குக் கை கொடுத்தார். கொடுத்தவர் நின்றுவிட்டார்.

"எடப்பக்கம் இறுக்கமா இருக்கே. சக்கரம் சரியா சுத்த மாட்டேங்குது. தொறந்து பாத்துருவோமா?"

"பூஜையில வெச்ச சாமானை இன்னைக்குத் தொடக் கூடாது பாய்" என்றார் வீரமலை.

"கடையிலேருந்து என் ஸ்பானரைக் கொண்டாரேன். அது பூஜையில இல்லைல்ல."

வீரமலை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. முதல்தடவையாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: "என்ன வாத்தியாரே சொல்றீங்க?"

நான் சாஸ்திரம் பார்க்கிறவன் அல்ல. எங்கள் வீட்டில் பூஜையன்று மாலையே பேனாவை எடுத்து எழுதுவேன். ஆனாலும் சொன்னேன்: "ஸ்பானர் பூஜையில இல்லைதான். விமானம் இருக்கே. நாளைக்கு விடிஞ்சதும் முதல் வேலையா ரிப்பேர் பாக்குறதும் சரியா வராதுங்க. விஜயதசமியும் அதுவுமா எதுக்கு அபசகுனமா? புது பிரேக் அப்படித்தான் இருக்கும். ஓட ஓடத் தளர்ந்துக்கும்."

வெகு சுருக்கமாகச் சொன்னேன். வீரமலைக்கு அது பிடித்திருந்தது. "இப்படிப் பேசினா எவ்வளவு நல்லாருக்கு" என்று என் தோளைத் தட்டினார். ஜெகபர் அலி மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மதத்தாரின் பூஜையில் தலையிடக் கூடாது என்ற நாகரிகம் உள்ளவர், பொரியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு விமானம் கிளம்பியது. கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, வீரமலை சமாளித்து மேலே தூக்கிவிட்டார். அழகாகத்தான் பறந்தது. மலைக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பியது. மரவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பவுனம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றார். என்னைப் பார்த்து, "வாத்தியாரே, உங்களாலதான் இது நடந்துச்சு" என்றார். ஆமாம் என்றேன்.

இறங்கியதும் வீரமலை இரண்டு பிரேக்கையும் ஒருமுறை மிதித்தார். வலது விட்டது. இடது விடவில்லை. விமானம் இடப்பக்கமாகச் சுழன்று, இறக்கை தரையில் குத்தி, தலைகீழாகக் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. நான் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காரணத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். இடையில் நிறுத்தச் சொல்லவில்லை.

உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஜெகபர் அலியின் மனைவி சுராயா தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார். நேற்று என்னைப் பார்த்து எழுந்து வந்தார். "சார், நீங்க படிச்சவங்க. கூடவே இருந்தவங்க. எங்க வீட்டுக்காரர் கொடுத்த சாமானாலயா இப்படி ஆச்சு?" என்றார். நான் அவருக்கு எண்ணெய், ரப்பர், துளை எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக விளக்கினேன். முக்காட்டின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். எனக்கு வாய்த்த மாணவர்களில் அவர்தான் முதல். கடைசியில், "அப்ப அவர் வெளிய வந்துருவாருங்களா?" என்று கேட்டார். அது பௌதிகக் கேள்வி அல்ல என்பதால் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த அம்மாவுக்காக நான் இன்று வந்தேன் என்று நினைக்காதீர்கள். மனசாட்சி என்று எழுத வேண்டாம். காலையில் பத்திரிகை பார்த்தேன். பிரேக் பிடிக்காமல் விபத்து என்று போட்டிருக்கிறார்கள், நீங்கள் சொன்னதாக. பிரேக் பிடித்தது ஐயா. அளந்தபடி, எந்த இடத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டுமோ அப்படிப் பிடித்தது. ஜெகபர் அலியை வீட்டுக்கு அனுப்புங்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அவ்வளவு நுணுக்கமான வேலை அவருக்கு வராது.