ரத்தம் ஏறாத ஊசி

மத்தியானம் பன்னெண்டரை மணி. பாகூர்லேருந்து சோரியாங்குப்பம் போற ரோடு... ரெண்டு பக்கமும் கரும்பு. ஈ காக்கா கெடையாது. பேய் ராத்திரிதான் வரும்னு எவடி சொன்னா? ஹாஸ்டல் ரூம் கதவ சாத்திட்டுக் கேளுங்க.

நம்ம சரண்யாவோட அக்கா ஜெயசுதா, வூடு வூடா போயி ட்ரிப்ஸ் போடுற நர்சு. வைத்திலிங்கம்னு ஒருத்தர் போன் பண்ணாராம். அம்மா மூணு நாளா சாப்பிடல, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குதுன்னு. கரும்புக் கொல்லைக்கு நடுவுல தனி வூடு. உள்ள நொழஞ்சதும் குப்புனு ஸ்பிரிட் வாசனை... இப்பதான் யாரோ ஊசி போட்டுட்டுப் போன மாதிரி. இவளுக்கு அப்பவே சந்தேகம். முன்னாடி யாரு வந்தாங்கன்னு கேட்டா, அந்த ஆளு கட்டிலத்தான் காட்டுனாரு.

அந்தம்மா கண்ண மூடிப் படுத்திருந்துச்சு. தண்ணி வத்துன ஒடம்பு, நரம்பு தேடணும் இல்ல? ரப்பர கட்டுனதும் இடது கையில கயிறாட்டம் எழும்பி நிக்குது. கிளவுஸ் மாட்டி, பொறங்கையில குத்துனா. ஊசிக்குப் பின்னாடி ரத்தம் ஏறல. மணிக்கட்டுக்கு மேல... ஏறல. முழங்கை மடிப்புல... வழுக்கிட்டுப் போவுது. ஒரு சொட்டு ரத்தம் இல்ல.

ரத்தம் ஏறாம பாட்டில தொறக்கக் கூடாது. நர்சிங்ல நமக்கெல்லாம் மொத நாளே சொன்னது. அந்த ஆளு பின்னாடியே நின்னு அழுதாரு. பாவம் பாத்து தொறந்துட்டா.

டக்... டக்... டக்...

தண்ணி எறங்குது. கை வீங்கல. நரம்புல போவலன்னா வீங்கியிருக்கணும். அப்போ எங்க போவுது? கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தா. தரை காஞ்சு கெடக்கு. அப்பதான் இவளோட இடது கை சில்லுனு கனத்துது.

அந்தம்மா கண்ணத் தொறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சாம்.

"வலிக்குதா கண்ணு?"

பையக்கூட எடுக்கல, ஓடியாந்துட்டா. ரோட்டுக்கு வந்து கிளவுஸ கழட்டி, கோட்டுக் கைய ஏத்துனா, கை பொதபொதன்னு வீங்கிக் கெடக்கு. பொறங்கையில ஒரு குத்து, மணிக்கட்டுக்கு மேல ஒண்ணு, முழங்கை மடிப்புல ஒண்ணு.

இதெல்லாம் இன்னாத்துக்கு இன்னிக்கு சொல்றேன்னா... சாயங்காலம் ஜெயசுதாவ காய்ச்சல்னு நம்ம வார்டுலதான் சேத்தாங்க. ஊசி போட்டது நான். இடது கை. நரம்பு கயிறாட்டம் நின்னுச்சு. ரத்தம் ஏறல. ஊசிய எடுக்கவும் பயமா இருந்துச்சு, பாட்டில தொறக்காம வந்துட்டேன். இப்போ டூட்டி பாக்யலட்சுமி. அவ எல்லாருக்கும் பாவம் பாக்குறவ.

புவனா... என் ஸ்வெட்டர் கைய நீயே ஏத்திப் பாருடி. பத்து நிமிஷமா சில்லுனு ஏறுது.