வில்லாளிக்குப் பின்னால் நின்றவள்

கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வில்லாளியாக ஆட ஆரம்பிக்கிறவர்கள் கையில் காசு சேர்ந்ததும் முதலில் நல்ல வில்லாகப் பார்த்து வாங்குகிறார்கள். அது தப்பு. முதலில் வாங்க வேண்டியது செருப்பு. வில்லாளியைக் காப்பாற்றுவது அவனுடைய ஓட்டம்தான். நீங்களும் போன வாரம் அந்த ஆட்டத்தை ஆரம்பித்ததாகவும், வில்லாளியை எடுத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் அடி வாங்குவதாகவும் சொன்னீர்கள் சார். என்னைப் பேச வைப்பதற்காகச் சொன்ன பொய்யாகக்கூட இருக்கலாம். பரவாயில்லை. தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க எனக்குச் சலிப்பே வந்ததில்லை. என் தம்பிக்குச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தவள் நான்.

புதிதாக ஒரு பூதம் வந்தால் அதன்மேல் முதல் அம்பை நீங்கள் விடாதீர்கள். கேடயக்காரன் போய் அதை நாலு தட்டு தட்டட்டும், அதன் கோபமெல்லாம் அவன் பக்கம் திரும்பட்டும். அப்புறம் விடுங்கள். சுவரை ஒட்டி நிற்காதீர்கள், பின்னால் நகர இடம் வேண்டும். ஒரே இடத்தில் நின்று அம்பு விடாதீர்கள்.

தம்பி இதில் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். முண்டியடித்துக்கொண்டு முன்னால் ஓடுவான். பூதம் அவனைப் பிடித்துக்கொண்டதும் பக்கத்து அறையிலிருந்து கத்துவான். “அக்கா, போச்சு, போச்சு. சீக்கிரம் பாரு.”

நான் ஹீலர். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிவிடுகிறவள். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் அவனைத் தூக்கி நிறுத்துவதே என் வேலை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அங்கே அவ்வளவு கவனமாக இருப்பானாம், அவன் மேஸ்திரி சொல்வார். வீட்டுக்கு வந்தால் கவனம் எதற்கு, அக்கா இருக்கிறாளே.

வெளியிலும் அப்படித்தான். அம்மா இறந்துபோன வருஷம் பள்ளிக்கூடத்தில் அவனைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி, தொண்டை அடைத்துக்கொண்டது. பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை கொட்டினால் உடனே தொடையில் குத்த வேண்டும் என்று டாக்டர் பேனா மாதிரி ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து அது என் கைப்பையில் இருக்கிறது. நான் இல்லாமல் அவன் வெளியூர் போனதில்லை. என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன ஒருவரிடம் தம்பியும் நம்மோடுதான் இருப்பான் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

எனக்கு வருத்தம் இல்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நான் அழுவேன் என்று காலையிலிருந்து பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடலாம்.

வில்லாளி கற்றுக்கொள்ள வேண்டியதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஹீலரை நம்பாதீர்கள். உங்கள் மருந்துக் குப்பி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். ஹீலருக்கும் கை ஓயும், கவனம் சிதறும், மனசும் மாறலாம். இதைத்தான் தம்பி கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தின் வேர் அதுதான், வேறொன்றும் இல்லை.

அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே என் கைப்பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள். “ஏன் அண்ணி, ஊசி இவர்கிட்ட இல்ல இருக்கணும்? நீங்க இல்லாத நேரத்துல கொட்டினா?”

“நான் இல்லாத நேரம்னு ஒண்ணு கிடையாதும்மா” என்றேன்.

அடுத்த முறை வரும்போது ஒரு இடுப்புப்பை வாங்கி வந்தாள். உள்ளே புது ஊசி. தம்பியை நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் குத்துகிற மாதிரி பழக்கினாள். எனக்கு எதிரிலேயே. அவன் அதைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினான். ஆட்டத்திலும் மாறிப்போனான். செருப்பு வாங்கினான். சுவரை விட்டுத் தள்ளி நின்றான். கேடயக்காரன் தட்டும்வரை பொறுத்தான். ஒருநாள் பெரிய பூதத்திடம் மாட்டிக்கொண்டான். நான் உயிர் ஏற்றப் போவதற்குள் அவனே குப்பியைக் குடித்துவிட்டான்.

“நீ மத்தவங்களைப் பாருக்கா. என்னை நான் பாத்துக்கறேன்” என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

நடிப்பு சார், எல்லாம் நடிப்பு. அவள் மெச்ச வேண்டும் என்று ஆடிய நாடகம். நாலு நாள் போனால் பையைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைத் தேடுவான் என்று எனக்குத் தெரியும். அதை அவனுக்கும் தெரிய வைக்க வேண்டாமா? அவளோடு தனி வீடு போவதற்குள் ஒரு பாடம் வேண்டும் என்று பட்டது. வளர்த்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதன் இறவாரத்தில், கதவுக்கு நேர் மேலே, குளவி கூடு கட்டியிருந்ததை நான் முன்பே பார்த்துவிட்டேன். அதனால்தான் அவனை அந்தப் பக்கம் விடாமல் வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாமான் கட்டிக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வந்தவன் இடுப்புப்பையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“கொட்டகையில அப்பா பெட்டி இருக்குடா, எடுத்துக்கோ. கதவு இறுகிக் கிடக்கும், நல்லா இடிச்சுத் திற” என்றேன்.

“நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஞாபகம் வராதுக்கா” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவன் கதவை இடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஓடி வந்தான். கழுத்தில், காதுக்குப் பின்னால் எல்லாம் கொட்டியிருந்தது. கத்தவில்லை, பதறவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்தான், இடுப்புப்பையின் ஜிப்பை இழுத்தான், கையை உள்ளே விட்டான். அவள் பழக்கிக் கொடுத்தபடியே, ஒன்றுவிடாமல். உள்ளே துழாவினான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான்.

என் கைப்பையில் இரண்டு ஊசி எப்படி வந்தது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். ஒன்று எப்போதும் இருப்பது. இன்னொன்றை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது இடுப்புப்பையிலிருந்து நான் எடுத்தேன். ஜிப்பை மறக்காமல் மூடிவைத்தேன். போதுமா? கையெழுத்து எங்கே வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். சரியான நேரத்தில் குத்திவிடலாம் என்றுதான் இருந்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் சுலபம். ஆனால் கைப்பை என் மடியில்தான் இருந்தது. அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவன் அசைவது நின்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே அந்த மருந்துக்கடைப் பெண் உட்கார்ந்திருக்கிறாளாமே. அழுதுகொண்டே இருக்கிறாள் என்று காவலர் அம்மா சொன்னார்கள். என்னைப் பார்க்க வேண்டாம் என்றாளாம், சரி. அவளிடம் நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள். பையில் ஒன்றும் இல்லை என்றதும் அவன் போனைத் தேடவில்லை, அவள் பேரைச் சொல்லவில்லை. என்னை நோக்கித்தான் கையை நீட்டினான், தொண்டை அடைத்துக்கொண்ட பிறகும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டான்.