தலையாட்டலுக்கு என்ன மார்க்?

இல்லையில்லை, ஹீற்றரைக் கூட்ட வேண்டாம். எனக்குக் குளிரேல்ல, இது கோவம். ஒரு கிழமையா இப்பிடித்தான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறன். கிரிஜா சொல்லியிருப்பாவே, தாட்சாயினி அன்ரி காரில ஏறினா வாய் மூடமாட்டா எண்டு? சொல்லியே விட்டிட்டாவோ! பரவாயில்லை, உண்மைதானே. என்ர கார் கராஜில கிடக்குது. நீங்கள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போறியள் எண்டு கேள்விப்பட்டு நான்தான் அவவைப் பிடிச்சுக் கேட்டனான். முன்னப்பின்னத் தெரியாத ஆளை டூங்கபியில வந்து ஏத்திக்கொண்டு போறியள், நன்றி பிள்ளை. பார்கவி எண்டதுதானே பேர்?

எங்க விட்டனான்? ஓம், மார்க் போடுற அந்தப் பெட்டியள்.

நான் படிப்பிக்கிற யூனிவேசிற்றி முழுக்க ஒரே அட்டவணை. நேர்ஸுக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அதுதான், கணக்கியல் படிக்கிற பிள்ளைக்கும் அதுதான், பாலம் கட்டப் படிக்கிறவனுக்கும் அதுதான். ரூப்ரிக் எண்டுவினம். ஒரு பக்கம் கீழ கீழ எழுதியிருக்கும், பேச்சுத்திறன், ஆராய்ஞ்சு யோசிக்கிறது, மற்றப் பண்பாட்டை விளங்கிக்கொள்ளுறது எண்டு. மேல மார்க், ஒண்டில இருந்து நாலு மட்டும், நாலுதான் உச்சம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ரெண்டு வசனம். பிள்ளை எந்தப் பெட்டிக்குள்ள அடங்குது எண்டு பாத்து நம்பரைப் போடவேணும். பாடத்தைப் பாடமாக்கினதுக்கில்லை, படிச்சு முடிச்சு என்ன ஆளா வெளியில வருது எண்டு பாக்கிறதுக்காம். நல்ல யோசனைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. முந்தி ஒரு ரீச்சர் அள்ளிப் போடுவார், மற்றவர் கிள்ளிப் போடுவார். அதை நிப்பாட்டத்தான் இது வந்தது. நானே கை தட்டி வரவேற்ற ஆள்.

பிறகென்ன பிரச்சினையோ? சொல்லுறன், லேனைப் பாத்து ஓட்டுங்கோ.

நான் நேர்சிங் பிள்ளையளுக்கு எப்பிடிக் கதைக்கிறது, எப்பிடிக் கேக்கிறது எண்டு படிப்பிக்கிறன். ஆனா மார்க் போடுறது எங்கட வகுப்புப் பிள்ளையளுக்கில்லை. மற்றவேன்ர பிள்ளையள் தாங்கள் செய்ததைப் பற்றிக் கதைச்ச வீடியோ வரும். நாலு பேர் தனித்தனியப் பாத்துப் போடுவம், பிறகு மீற்றிங்கில இருந்து ஒப்பிடுவம். ஒருத்தர் மட்டும் தள்ளி நிண்டா, அவர் விளக்கம் சொல்லவேணும். சொல்லி மற்றவையைத் திருப்பவேணும், இல்லாட்டித் தான் இறங்கி வரவேணும். நாலு பேரும் ஒத்துப்போனாத்தான் அட்டவணை நல்ல அட்டவணையாம். பிள்ளை நல்ல பிள்ளையோ எண்டதைப் பற்றி ஆருக்கும் கவலையில்லை!

போன கிழமை ஒரு வீடியோ வந்தது. கடைசி வருசம், ஆஸ்பத்திரியில பிளேஸ்மன்ற், அதுதான் வேலை பழகப் போன பிள்ளை. பேர் சொல்லக்கூடாது. லக்சிகா எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஐயோ, அதுதான் பேர். நீங்கள் கேக்கேல்ல, என்ன?

நல்ல மெல்லிசாக் கதைக்கிற பிள்ளை. கமராவைப் பாக்காது, கீழதான் பாக்கும். வார்ட்டில இங்கிலிஷ் கதைக்கத் தெரியாத ஒரு வயசுபோன தமிழ் அம்மா கிடந்தவவாம். கான்சர், முள்ளந்தண்டு மட்டும் பரவீட்டுது. நோயாளியின்ர பேரை அந்தப் பிள்ளை சொல்லேல்ல, என்னை விட வாய்க்கட்டு உள்ள பிள்ளை. நேர்ஸ்மார் வந்து வந்து கேப்பினமாம், பெயின் இருக்கோ, பெயின் இருக்கோ எண்டு. அம்மா தலையை ஆட்டுவாவாம். இப்பிடி. ரோட்டைப் பாருங்கோ, நான் ஆட்டுறதைப் பிறகு பாக்கலாம். பக்கத்துக்குப் பக்கம், மெல்லமா. அவை நோ பெயின் எண்டு எழுதிப்போட்டுப் போவினம்.

பாத்தீங்களோ, உங்களுக்கு உடன விளங்கீட்டுது! கோயம்புத்தூரில இருந்து வந்த உங்களுக்கு விளங்குது. அது ஓம் எண்ட தலையாட்டல். அந்த மனிசி ஒவ்வொரு நாளும் ஓம், நோகுது, நோகுது எண்டு சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறா. அவை ஒவ்வொரு நாளும் இல்லையெண்டு எழுதியிருக்கினம். கெட்ட ஆக்களில்லை. ஓடி ஓடி வேலை செய்யிற ஆக்கள்தான். ஆனா கண்டுபிடிச்சது இந்தப் பிள்ளைதான். கண்டுபிடிச்சு, படிக்க வந்த பிள்ளை, பெரிய நேர்ஸிட்டப் போய்ப் பயந்து பயந்து சொல்லியிருக்குது. அண்டைக்கே மருந்தைக் கூட்டினவையாம். அதோட விடேல்ல. நோகுதெண்டா என்ர கையை இறுக்குங்கோ, இல்லாட்டி விடுங்கோ எண்டு அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்து, அதை எல்லா நேர்ஸ்மாருக்கும் காட்டிக்குடுத்திருக்குது.

நான் நாலு போட்டன். அஞ்சு இருந்தா அஞ்சு போட்டிருப்பன்.

மற்ற மூண்டு பேரும் ஒண்டு.

ஏனெண்டு கேளுங்கோ! குரல் காணாதாம். கண்ணைப் பாத்துக் கதைக்கேல்லையாம். இதைக் கேளுங்கோ, தேவையில்லாத தலை அசைவாம், பாக்கிறவையின்ர கவனத்தைக் குழப்புதாம். அந்தப் பிள்ளை அம்மா எப்பிடித் தலையாட்டினவ எண்டு செய்து காட்டினது! விஷயமே அதுதான்! அதைக் கூச்சத்தில ஆட்டினதெண்டு எழுதி வைச்சிருக்கினம். ஆஸ்பத்திரியில விட்ட பிழையையே, அந்தப் பிழையைப் பற்றின வீடியோவைப் பாத்தும் விட்டிருக்கினம். கிரெய்க் எண்டு ஒருத்தர், பிசினஸ் பக்கம், அவர்தான் மீற்றிங்கை நடத்துறவர். சிரிச்ச முகம், ஒருக்காலும் கோவம் வராது, அதால எனக்குத்தான் ரெண்டு பங்கு வரும். மற்றப் பண்பாட்டை விளங்கிக்கொள்ளுறது எண்ட இடத்திலயும் அவர் ஒண்டுதான். என்ன காரணம்? அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டது தன்ர பண்பாட்டைத்தானாம், மற்றவேன்ரயை இல்லையாம், அதால கணக்கில வராதாம்.

சிரிக்கிறியள். நானும் சிரிச்சனான், வீட்டை போய்க் குசினியில நிண்டு. அழுகையும் வந்தது.

ரெண்டுக்குக் கீழ போனா ஃபெயில் பிள்ளை. அரை வருசம் திருப்பிச் செய்யவேணும். நேர்ஸாப் பதிய ஏலாது. அதே வார்ட்டில வேலை தாறம் எண்டு சொல்லி வைச்சிருக்கினமாம், அதுவும் போம். தாய் தகப்பனோட சின்னனில வந்து, இங்க வந்துதான் இங்கிலிஷ் பிடிச்ச பிள்ளையாம், வீடியோவில சொன்னது. குரல் எங்கால வரும்? ஆரும் அதட்டினா இன்னும் உள்ளுக்க போற குரல் அது.

நான் அண்டைக்கு இறங்கேல்ல. நாலுதான் எண்டு நிண்டன். கிரெய்க் சொன்னார், தாட்ச், பெட்டிக்குள்ள இருக்கிற வசனத்தை வைச்சுக் காட்டுங்கோ எண்டு. தாட்ச்! கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பியிருப்பன். அந்த வசனத்துக்குள்ள தலையாட்டல் இல்லையே, நான் எதைக் காட்டுறது? செவ்வாய்க்கிழமை திருப்பிக் கூடுறம். அதோட முடிவு.

நேர்ஸிட்ட ஒரு கடிதம் வாங்கலாமோ? கேட்டனான். வீடியோவில இருக்கிறதை மட்டும்தான் பாக்கலாமாம். இன்னொண்டும் இருக்கு. பிள்ளையோட எங்களுக்கு ஏதும் தொடுசல் இருந்தா முதலே சொல்லவேணும். சொன்னா எழும்பி வெளியால போகவேணும், போட்ட மார்க்கும் செல்லாது. போன வருசம் சுஜீதன் எண்டு எஞ்சினியரிங் பக்கம் ஒருத்தர், ஒரு பிள்ளையின்ர தமையனோட கிரிக்கெற் விளையாடுறவராம். அதுக்கே வெளியால அனுப்பினவை. நியாயம்தான். நான் பிழை சொல்லேல்ல.

தமிழ்ப் பிள்ளை எண்டதாலயோ எண்டு கேக்கிறியளோ? கிரெய்க்கும் கேட்டவர், வேற விதமா. இல்லை பிள்ளை. எங்கட பிள்ளையள் எண்டா நான் கொஞ்சம் இறுக்கித்தான் போடுறனான், ஆரும் ஒரு சொல் சொல்லக்கூடாதெண்டு. அந்தப் பிள்ளையை நான் நேரில கண்டதுகூட இல்லை.

இதில இடப்பக்கம் திருப்புங்கோ. அந்தா, கோபுரம் தெரியுது. இண்டைக்குச் சனம் குறைவு, கிட்டவே விடலாம்.

என்ன, அர்ச்சனைச் சீட்டோ? உங்களுக்கு மட்டும் எடுங்கோ. எனக்கு மோட்ச அர்ச்சனை, சிவன் பக்கம். ஓம், அம்மாவுக்கு. அவ போய் முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்சு முதல் தரம் கோயிலுக்கு வாறன். பேர் பவளம்.

ஓம் பிள்ளை. அந்த வார்ட்டுக் கட்டில்ல கிடந்தது என்ர அம்மாதான்.

பகலில எனக்கு வேலை, பின்னேரம்தான் போவன். நான் கேட்டா ஒண்டுமில்லை மோனை, ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவா. பிள்ளைக்குச் சொல்ல மாட்டாவே. ஒரு நாள் போறன், முகம் தெளிஞ்சு நித்திரை கொள்ளுறா. எழும்பிச் சொன்னா, எங்கட பிள்ளை ஒண்டு வந்தது, நான் தலையாட்ட அதுக்கு விளங்கீட்டுது எண்டு. அதுக்குப் பிறகு கடைசி மட்டும் நிம்மதியாத்தான் கிடந்தவ. அந்தப் பிள்ளையைத் தேடினனான், பிளேஸ்மன்ற் முடிஞ்சு போட்டுது எண்டினம். பிறகு வீடியோவிலதான் காணுறன்.

இப்ப சொல்லுங்கோ. அது என்ர அம்மா எண்டு சொல்லாமல் இருந்து நாலு போட்டா அது கள்ளம். சொன்னா நான் வெளியால, மிச்சம் மூண்டும் ஒண்டு.

செவ்வாய்க்கிழமை சொல்லத்தான் போறன். என்ர மார்க்கை எடுத்து எறியட்டும். ஆனா வெளியால போக முதல் கதவடியில நிண்டு கிரெய்க்கிட்டச் சொல்லுவன், என்னைப் பெயின் இருக்கோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ எண்டு. கேக்கட்டும். நான் அம்மா மாதிரித் தலையாட்டுவன். அந்தாள் என்னத்தை எழுதுது எண்டு பாத்திட்டுத்தான் போவன்.

என்ன பிள்ளை, நீங்களும் அப்பிடியே தலையை ஆட்டுறியள்?

ஓம். விளங்குது. செருப்பை இதில கழட்டுங்கோ, வாங்கோ.