அறுநூற்று எழுபத்தைந்து மடங்கு சனி

தொலைநோக்கியைத் தந்து, அதில் தம் பெயரைத் தொலைவிலிருந்தே தெரியும்படி எழுதவைத்த தலைவர் வைத்திலிங்கம் அவர்களே! சிதம்பரம் வானவியல் மன்றத்தின் மூத்தோரே! முந்தானையால் விசிறிக்கொண்டே என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மாரே! மன்றச் செயலாளனின் வணக்கம்.

தலைவரை அறுநூற்று எழுபத்தைந்து மடங்கு புகழச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அவ்வளவு பெருக்கினால் அவரே மங்கிப்போவார். (தலைவரும் சிரிக்கிறார், நான் பிழைத்தேன்!)

அந்த எண் அவர் தந்த தொலைநோக்கியின் பெட்டியில் இருந்தது. அச்சில் வந்தால் நமக்குச் சத்தியம்தானே? போன வாரம் பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முத்தம்மாள் வந்தார். மகள் வித்யாவுக்கு ஏழரைச் சனி என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்களாம். "அந்தச் சனிய நேருல பாக்கணும் சார்" என்றார். பார்த்தார்.

"என்னா சார், வடிச்ச கஞ்சியாட்டம் இருக்குது?"

தலைவர் என்ன சொன்னார்? "இன்னும் ஜாஸ்தி பண்ணுப்பா!" பண்ணினோம், பெட்டியில் போட்டிருந்த மடங்கு வரைக்கும். தலைவர் சொல்லி நாம் எதைத்தான் பண்ணவில்லை? கஞ்சியும் காணாமல் போனது.

ஏன் போனது? ஒரு குண்டான் சாம்பாரை ஆயிரம் இலைக்கு ஊற்றினால் அது சாம்பாரா? தொலைநோக்கியின் முன்கண்ணாடி அறுபது மில்லிமீட்டர் அகலம். அது வாரும் வெளிச்சம் அவ்வளவுதான். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் தாங்கும், ஆக நூற்றிருபது. அதற்குமேல் பெருகுவது கோள் அல்ல, குழப்பம்! பெரிதாய்க் காட்டுவது பெருமையா? தெளிவாய்க் காட்டுவது பெருமையா? (என்னம்மா, சத்தமாச் சொல்லுங்க... தெளிவு! அப்படிச் சொல்லுங்கள்!)

நல்லவேளை, தலைவர் டீ குடிக்கப் போனார். கண் வைக்கும் வில்லையை மாற்றினோம்; எழுபது மடங்கு. குனிந்த முத்தம்மாள் வெகுநேரம் நிமிரவில்லை.

"மோதரம் போட்டுக்கினு எவ்ளோ அழகா இருக்குது! இதுவா சார் எம்பொண்ணு கல்யாணத்த நிறுத்துச்சு?"

சனியைப் பழித்தவர்கள் எல்லாரும் முதலில் இந்த வில்லையில் கண்ணை வைக்கட்டும் என்றேன்.

இன்று மாப்பிள்ளை வீட்டாரையே கூட்டி வந்திருக்கிறார் அந்தத் தாய். அதோ, இரண்டாம் வரிசை. கூட்டம் முடிந்ததும் அவர்கள் பார்க்கப்போகிறார்கள். தலைவரே, கைகூப்பிக் கேட்கிறேன், அந்த வில்லையை மட்டும் தொடாதீர்கள்! ஒரு பெண்ணின் கல்யாணம் எழுபது மடங்கில் நிற்கிறது.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. வரிசையாக வாருங்கள், மாப்பிள்ளையின் அம்மா முதலில். வணக்கம்!