உயிரோடிருக்கும் குஞ்சம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி

விழாவுக்குத் தலைமை தாங்கி, மாலைக்கு மேல் மாலை வாங்கி, கழுத்து இருக்கும் இடம் தெரியாமல் அமர்ந்திருக்கும் நற்பணி மன்றத் தலைவர் அண்ணன் இருசப்பன் அவர்களே! நாற்காலி கிடைத்ததால் முன்வரிசையிலும், கிடைக்காததால் டிராக்டர் டிரெய்லரிலும் வீற்றிருக்கும் பெரியோர்களே! மக்காச்சோளக் களத்திலிருந்து முகம் கழுவ நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! சங்கராபுரம் கடைசிப் பேருந்து போய்விடுமோ என்று என் முகத்தைப் பார்க்காமல் கைப்பேசியில் மணி பார்க்கும் தம்பிமார்களே! இந்த மாலையின் நாயகி, மதிப்பிற்குரிய குஞ்சம்மாள் அம்மையார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் செழியனின் தலைதாழ்ந்த வணக்கம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அம்மையார் உயிரோடுதான் இருக்கிறார்! இதோ, மேடையில் அமர்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்ல வேண்டிய நிலைமை ஏன் வந்தது? பேருந்து நிலையத்தில் திங்கட்கிழமை முதல் நிற்கும் பதாகையால் வந்தது. நம் தலைவர் பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டு, "கண்ணீர்க் கருவி பொருத்திக்கொண்ட குஞ்சம்மாளுக்குப் பாராட்டு விழா" என்றார். கடைக்காரர் இளவரசன் காதில் முதல் சொல் மட்டும் முழுதாக விழுந்தது. கூடவே அம்மையாரின் படமும் போய்ச் சேர்ந்தது. கண்ணீர் என்ற சொல்லும் ஒரு படமும் சேர்ந்து வந்தால் நம் ஊரில் வேறு என்ன அச்சடிப்பார்கள்? இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வெள்ளைப் புறா, நடுவிலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி"! பிறந்த தேதி கேட்டார், கொடுத்தார்கள். விழாத் தேதி கேட்டார், கொடுத்தார்கள். ஒன்றைத் தோற்றம் என்று போட்டார், மற்றதை மறைவு என்று போட்டார்! வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மறையப் போகிறவருக்குத் திங்கட்கிழமையே அஞ்சலி! படித்தவர்கள் நிறைந்த இந்த ஊரில் அந்தத் தேதியைப் படித்தவர் ஒருவர் உண்டா? தலைவர் பார்த்தார். தன் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். வந்திருந்தது, அம்மையார் படத்தைவிடப் பெரிதாக.

தம்பி இளவரசன், எழுந்து போக வேண்டாம், உட்காருங்கள். உங்கள் பிழையால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கண்ணீர் என்றால் என்ன? கவலை வந்தால் வழிவது மட்டுமா கண்ணீர்? பனைமரம் போல் வளர்ந்த நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மருத்துவர் சொல்கிறார், நாம் இமைக்கும் போதெல்லாம் கண்ணீர் கண்ணைக் கழுவுகிறது. சிரிக்கும்போதும் கழுவுகிறது, சீட்டு ஆடும்போதும் கழுவுகிறது. அந்த ஈரம் நின்றுபோனால் இமைக்கு இமை மண்ணை அள்ளிப் போட்டது போல் உறுத்தும். வெளிச்சம் குத்தும். விழியின் மேல்தோல் கீறிக் கீறிப் பார்வையே மங்கும். அம்மையாருக்கு ஆறு வருடமாக அந்த வியாதி. சோளக் களத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே கூலி வேலை செய்தார். நாம் என்ன சொன்னோம்? "வெயில்ல நின்னா எல்லாருக்கும் எரியத்தான் செய்யும்" என்றோம்.

நான்கு வருடத்துக்கு முன்பு, கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அவருடைய உடன்பிறந்த தம்பி பொன்னுரங்கம் மாரடைப்பில் இறந்தார். அப்பன் ஆத்தா இல்லாமல் இவர் தூக்கி வளர்த்த தம்பி. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவர் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. விடுவார்களா? கோமுகி அணையின் நீர்மட்டத்தை அதிகாரிகள்கூட அத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை. இவர் கண்ணின் நீர்மட்டத்தை ஊரே குனிந்து குனிந்து பார்த்தது! எரிச்சல் தாங்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். போயிற்று! பக்கத்தில் இருந்த ஒருத்தி கூவினாள்:

"பாருங்கடி இந்தக் கூத்த! கண்ணீரையும் குப்பில வாங்கியாந்து ஊத்திக்கினு கீறா!"

போதாததற்கு, இரங்கல் உரை ஆற்ற வந்த பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "ஊரே அழுகிறது, உடன்பிறந்தவளோ குப்பியைத் தேடுகிறாள்!" என்று அடுக்குமொழியில் அடித்து நொறுக்கினார். அன்றோடு தாய்வீட்டுக் கதவு அடைபட்டது. பொன்னுரங்கத்தின் மனைவி பெரியம்மாள், "எங்க வூட்டு வாசப்படிய அவ மெரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பொன்னுரங்கத்தின் ஒரே மகள் அபிநயாவுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மணப்பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியது அந்த வீட்டில் அத்தையின் உரிமை. பத்திரிகையில் அத்தையின் பெயரே இல்லை. கண் எரிந்ததைத் தாங்கிய குஞ்சம்மாள் அம்மையாரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில்தான் அந்தக் கருவி. பரிசோதனை முறையில் வெளியூர் ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றில் வைத்தார்கள். புருவத்துக்குக் கீழே, எலும்பை ஒட்டி, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி. கையில் தீப்பெட்டி அளவில் இன்னொன்று. இதைப் புருவத்தருகே வைத்து அழுத்தினால், உள்ளே இருப்பது நரம்பை மெல்லத் தட்டும். நரம்பு கண்ணீர்ச் சுரப்பியை எழுப்பும். காய்ந்த கண் நனையும். ஒரு நாளைக்குச் சில முறை அழுத்தினால் போதும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் நம் ஊருக்கு அவ்வளவுதான் என்றால் போதுமா? கருவி வந்த வாரமே ஒரு கட்சிக்காரர் வீடு தேடிப் போய், "ஒரு நாளைக்கு இரவல் குடும்மா, இரங்கல் கூட்டம் இருக்குது" என்று கேட்டிருக்கிறார்! உள்ளே ஒன்று வைக்காமல் வெளியே அழுத்தினால் வராது என்று அம்மையார் சொன்னதற்கு, "உள்ள ஒண்ணும் இல்லாமத்தானம்மா இத்தினி வருசமா அழுதுக்கினு வரேன்" என்றாராம். கை தட்டாதீர்கள், அவரும் இங்கேதான் இருக்கிறார்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். எட்டு மணிக்கு அம்மையாரை விழாவுக்கு அழைக்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்து ஒப்பாரி கேட்டது. பெரியம்மாள்! நேற்று இந்த வழியாகப் போனபோது பேருந்து நிலையத்தில் பதாகையைப் பார்த்திருக்கிறார். கையில் ரோசா மாலை, பின்னால் அபிநயா. பாட்டு பலமாக இருந்தது, கண் கொஞ்சம் காய்ந்திருந்தது. மூன்றாவது வரிசையில் இருக்கும் பெரியம்மாள் கோபித்துக்கொள்ளக் கூடாது; இரண்டு பேருந்து மாறி வந்த களைப்பு, யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அம்மையார் தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாருக்குடி மால?"

பாட்டு நின்றது. பெரியம்மாள் கையில் இருந்த மாலையைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் அண்ணி..."

"வாங்கியாந்துட்ட, போட்டுட்டுப் போ. செத்தப்புறம் வாசன தெரியாது."

அபிநயா "அத்தே" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. பெரியம்மாள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "எல்லாம் இருக்கட்டும் அண்ணி. அவுரு கெடக்கும்போது ஏன் அழுவல? அத மட்டும் சொல்லிடுங்க. நாலு வருசமா மனசுக்குள்ள கேட்டுக்கினு கீறேன்."

அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். கருவியை எடுத்துப் புருவத்தருகே வைத்து அழுத்தினார். சற்று நேரத்தில் கண் நிறைந்தது, நிறைந்தது கன்னத்தில் இறங்கியது. முகத்தில் அழுகை இல்லை. நேராகப் பெரியம்மாளைப் பார்த்தார்.

"இத்தத்தான தேடுன? நல்லா பாத்துக்கோ. இது கரண்டுல வர்ற தண்ணி. கண்ணு எரியாம இருக்கறதுக்கு. எந் தம்பிக்கு நான் அழுததுக்கு இது சாட்சி இல்லடி. மூணு நாளு எச்சி முழுங்கல நானு. அத இன்னா சொட்டுல புடிச்சாந்து காட்டுவேன் உனக்கு?"

அய்யா, நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் என் மேடைத்தமிழ் முழுவதும் வெறும் வாய்ச்சத்தம்.

பெரியம்மாள் மாலையை ஓரமாக வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கிழங்கை எடுத்துத் தோல் உரிக்கத் தொடங்கினார். மூன்றாவது கிழங்கை எடுக்கும்போது தலை நிமிராமலே சொன்னார்: "கண்ணாலம் பத்தாந்தேதி. பொண்ணு கையப் புடிச்சிக் கூட்டியாற்றது நீங்கதான் அண்ணி. பத்திரிகைல பேரு வுட்டுப்போச்சி, வேற அடிச்சிடறோம்."

"அடி. அந்த பிளக்ஸ்கார தம்பிகிட்ட மட்டும் குடுக்காத."

என்ன, பின்னால் சத்தம்? "பட்டன அமுக்கிக் காட்டச் சொல்லுங்க" என்கிறார் ஒரு தம்பி. ஆமாம், மறக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே தலைவர் போட்டிருக்கிறார், "கண்ணீர் செயல்விளக்கம்" என்று. அதற்காகக் கருவியை வாங்கி என்னிடம் கொடுத்தும் வைத்திருக்கிறார். தம்பி, நீ எதைப் பார்க்க வந்தாய்? ஒரு பெண் அழுவதையா? அழாதபோது அவளைக் கல் என்றோம். அழ வழி வந்ததும் மேடை போட்டு அழு என்கிறோமா? சாவு வீட்டில் சோதித்தது போதாதென்று சபையிலும் சோதிப்போமா? அம்மையாரே, இந்தாருங்கள், உங்கள் பொருளைப் பிடியுங்கள். இது உங்கள் கண்ணுக்கு வந்தது, எங்கள் கண்காட்சிக்கு வந்ததல்ல!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று. இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மனிதனே இல்லை.

அந்தச் சாவு வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்து அடுக்குமொழி பேசினாரே ஒரு பேச்சாளர், அவர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். இந்தச் செழியன்தான்! அன்று நான் தேம்பித் தேம்பிப் பேசினேன் என்று எல்லோரும் புகழ்ந்தீர்கள். எப்படித் தேம்பினேன் தெரியுமா? பொன்னுரங்கத்தை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், கண்ணீர் எங்கிருந்து வரும்? கைக்குட்டையில் தலைவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு போயிருந்தேன். அதைக் கண்ணோரம் ஒற்றி ஒற்றி நான் அழுத அழுகைக்கு ஊரே உருகியது. அந்தப் பொய்க் கண்ணோடு நின்றுகொண்டு, எரியும் கண்ணுக்கு மருந்து விட்ட அக்காளைப் பார்த்துக் "குப்பி" என்று சொன்னேன். அவருடைய தாய்வீட்டுக் கதவை அடைத்ததில் என் நாக்குக்கும் பங்கு உண்டு. அம்மையாரே, ஊர் அறியச் சொன்னதை ஊர் அறியவே திரும்பப் பெறுகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

பொறுங்கள், அம்மையார் ஏதோ சொல்கிறார். ஒலிவாங்கி அங்கே எட்டாது, நானே கேட்டுச் சொல்கிறேன்.

சொல்கிறேன், இருங்கள்.

"தைலம் ரொம்ப எரியுமே வாத்தியாரே, உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்கிறார்.

அய்யா, இதற்கு மேல் என்னால் பேச முடியாது. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், என் கண்ணுக்காகக் கவலைப்பட்ட அந்தத் தாய்க்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.