நீல ஸ்டூல்

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார், அக்கா. லைட் போடாதே. பஸ்ஸில் வந்த களைப்பு இருக்கும், தெரியும். ஆனால் விடிந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அப்புறம் என்னால் வாயைத் திறக்க முடியாது. மெதுவாகப் பேசுவோம். உள்ளே என் கட்டிலில் குச்சி தூங்குகிறான். தூங்குகிறான் என்றுதான் நினைக்கிறேன். அவன் புரண்டு படுத்தால் நான் நிறுத்திக்கொள்வேன். நீ தண்ணீர் குடிக்க வந்தாய், நானும் வந்தேன், அவ்வளவுதான்.

அம்மா உனக்குப் போனில் சொன்னது இதுதானே? நானும் குச்சியும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் பெட்டி செய்தோம். அவன் தங்கச்சி வாண்டு அதில் ஆடும்போது ஷாக் அடித்துவிட்டது. ஒயரிங் செய்தது குச்சி, அவன் எர்த் ஒயரைச் சரியாக முறுக்கவில்லை. அவன் அப்பா அவனை வீட்டுக்குள் விடவில்லை, அதனால் இங்கே படுத்திருக்கிறான். காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு தன்னுடையதுதான் என்று அங்கே சொல்லப்போகிறான். அவன் அப்படித்தான் நம்புகிறான்.

அதில் பாதி சரி. பெட்டியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம்.

காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவார்களே, ஆள் உயரப் பெட்டி, அந்த மாதிரி. நம் பில்டிங்கின் கீழே, தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை இருக்கிறதே, அங்கே வைத்துச் செய்தோம். மரவேலை முழுக்க என்னுடையது. எதிர்வீட்டில் கழித்துப்போட்ட அலமாரியின் பலகைகளைக் கெஞ்சி வாங்கி வந்தேன். பக்கவாட்டுப் பலகை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அறுத்தால்தான் வளைவு ஒரே மாதிரி வரும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு பலகையைப் பாழாக்கிய பிறகு நானே கண்டுபிடித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கையால் தடவினால் கன்னம் மாதிரி இருந்தது.

உள்ளே இருப்பதெல்லாம் குச்சியின் வேலை. பழைய டப்பா டிவி, உள்ளங்கை அளவு ஒரு சின்ன கம்ப்யூட்டர், பட்டன்கள், ஜாய்ஸ்டிக். முன்பக்கம் மட்டும் தகரம். பழைய வாஷிங் மெஷினின் தகரத்தை வெட்டி வாங்கி வந்தது நான்தான். பளபளவென்று இருந்தது. குச்சிக்குப் பிடிக்கவில்லை. தகரம் என்றால் எர்த் கொடுத்தே ஆகவேண்டும் என்று பச்சை ஒயர் ஒன்றை இழுத்து அதில் மாட்டினான். முறுக்கினான், அவிழ்த்தான், திரும்ப முறுக்கினான். அவன் கவனமில்லாதவன் என்று நாளைக்கு யாராவது சொன்னால், அது பொய். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் வெறும் தரையில் நின்று உள்ளே கைவைக்க மாட்டான். நம் பாத்ரூமில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வான்.

"என் கால் தரையில பட்டா நீ ஓங்கி ஒண்ணு விடுடா. இந்த ஸ்டூல் மேல இருக்கிற வரைக்கும் கரண்டுக்கு நான் யாருன்னே தெரியாது" என்பான்.

எங்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்தான். பெட்டி முடிந்து, பெயின்ட் அடித்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டும் வரைக்கும் மூன்றாவது ஆள் தொடக்கூடாது. இருவரும் கையடித்துச் சொன்னோம்.

அதில் இருந்தது ஒரு பழைய கேம். மேலிருந்து வரிசை வரிசையாக விண்கப்பல் இறங்கும், கீழே நாம் ஒரே ஆள். சுட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதிகமாக எடுத்தவர் பெயர் திரையில் மேலே நிற்கும், மூன்று எழுத்து. உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நீ எல்லாவற்றிலும் முதலில் வந்தவள், அக்கா. உன் தம்பி என்றுதான் எனக்கு ஸ்கூலில் இடமே கொடுத்தார்கள். நான் முதலாவதாக வந்த ஒரே இடம் அந்தத் திரைதான். குச்சி எவ்வளவு ஆடியும் என்னைத் தாண்டவில்லை. தினமும் ஸ்விட்சைப் போட்டதும் என் பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டுப் போன நாட்கள்கூட உண்டு.

ஒரு நாள் போட்டேன். என் பெயர் இரண்டாவதாக இருந்தது.

மேலே மூன்று இங்கிலீஷ் ஏ. ஏ, ஏ, ஏ. பெயர் போடத் தெரியாதவர்கள் பட்டனை அப்படியே அழுத்திவிட்டால் அதுதான் வரும். எழுத்தை மாற்றவேண்டும் என்றுகூடத் தெரியாத யாரோ என்னைத் தாண்டியிருக்கிறார்கள்.

குச்சியிடம் கேட்டேன். யாரையாவது கூட்டி வந்தாயா என்று. "போடா லூசு, மோட்டார் ரூம் பேய் வந்து ஆடியிருக்கும்" என்று சிரித்தான். அவன் பொய் சொல்லும்போது காதைச் சொறிவான். அன்றைக்குச் சொறிந்தான்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம். வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று தோன்றும். பேப்பர் போடும் பையனின் விரல்களைப் பார்ப்பேன். அறையின் சாவி எங்கள் இருவரிடம்தான் இருந்தது, ஆனாலும் சுவரோரம் வைத்துவிட்டுப் போகும் ஸ்டூல் மறுநாள் பெட்டிக்கு முன்னால் இருக்கும். ஜாய்ஸ்டிக் பிசுபிசுவென்று இருக்கும். மிட்டாய் தின்ற கை மாதிரி.

யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஒயரைத் தொட்டேன். லேசாக ஒரு சுரீர். கையை உதறிக்கொண்டு ஓடும் அளவுக்கு. பச்சை ஒயரைக் கழற்றி, அது இருந்த இடத்தில் இருக்கக்கூடாத ஒன்றை மாட்டினேன். எதை என்று கேட்காதே. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன், குச்சி சொல்லித்தந்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நிஜமாகவே யார் என்று எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் கேட்கிறாய்.

தெரியும். அதற்கு முந்தைய நாள் படியில் இறங்கும்போது கேட்டேன். கீழே குச்சி வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் வாண்டு தனியாக இருக்கப் பயப்படுகிறாள், அதனால் சாவியைக் கொடுத்துவிட்டு டியூஷன் போகிறேன் என்று. பிறகு சொன்னான்: "எங்க வாண்டு அவனையே தூக்கிச் சாப்பிட்டுட்டாண்ணே. அவன்கிட்ட சொல்லிராதீங்க, மூஞ்சி தொங்கிப்போயிடும்."

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். பாவம் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வது?

என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதை நாளைக்கு ஸ்டேஷனில் சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருக்கிறேன்.

ஒயரை மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை. மூன்று ஏ இன்னும் மேலே போயிருந்தது. முன்பை விட அதிகமாக எடுத்திருந்தாள். ஜாய்ஸ்டிக்கில் அதே பிசுபிசுப்பு. தகரத்தின்மேல் சின்ன விரல் தடங்கள்கூட இருந்தன. தொட்டிருக்கிறாள், ஆனால் ஷாக் அடிக்கவில்லை. எனக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

அன்று சாமான் அறையைக் கொஞ்சம் சுத்தம் செய்தேன். மரத்தூளும் ஒயர் துண்டுமாகக் கிடந்தது, நடக்க இடமில்லை. கூட்டினேன், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அம்மாவைக் கேட்டுப் பார், வீட்டில்கூட நான் சுத்தமாக இருப்பவன்தான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, ஈரம் காயாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிறகு மேலே வந்து பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். கீழே கேம் ஆரம்பிக்கும் பாட்டுக் கேட்டது. சுடும் சத்தம் கேட்டது. அப்புறம் சுடும் சத்தம் நின்றுவிட்டது. விண்கப்பல்கள் இறங்கும் சத்தம் மட்டும் வேகமாகிக்கொண்டே வந்தது. யாரும் சுடாவிட்டால் அப்படித்தான் வரும். கடைசியில் ஆட்டம் முடிந்ததும் வருமே, இறங்கி இறங்கி அடங்கும் ஒரு பாட்டு, அதுவும் கேட்டது. அதுவரைக்கும் நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை, ஆனால் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இறங்கிப் போனேன். மெயினை அணைத்தது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. அவள் தரையில் கிடந்தாள். உள்ளங்கை கறுத்திருந்தது. நான் மாட்டியதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். பச்சை ஒயரைத் திரும்ப முறுக்க நேரமில்லை, தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: ஆமாம், அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். குச்சியின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லைன்னா எம்பொண்ணு போயிருப்பாப்பா" என்று சொன்னார்கள். இன்றைக்குச் சாயங்காலம்கூடச் சொன்னார்கள். பில்டிங் செக்ரட்டரி கூட்டிவந்த எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எர்த்தே தொங்குது. பசங்க பண்ணுன வேலை வேற எப்படி இருக்கும்" என்றார். குச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு ராத்திரியாக அவன் என் பக்கத்தில்தான் படுக்கிறான். தூக்கத்தில் அவன் விரல்கள் சும்மா இருப்பதில்லை, எதையோ முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. முழித்தால், "நான் இறுக்கமாத்தானேடா முறுக்குனேன், நீ பார்த்தியில்ல" என்று கேட்கிறான். பார்த்தேன் என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. "விடுடா, தூங்கு" என்றுதான் சொன்னேன். சாப்பாட்டைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன். அவன் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அக்கா. உன்னிடம் இப்போது சொல்வதற்குக் காரணம் அதுதான். வேறு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆமாம், வந்தது. நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால். வாண்டு கண் திறந்துவிட்டாளாம். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குச்சியை எழுப்பி இன்னும் சொல்லவில்லை. நல்ல தூக்கத்தில் இருக்கிறான், எதற்கு எழுப்ப வேண்டும்? அவன் அம்மாதான் பேசினார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள்: "ஏதோ பினாத்துறாப்பா. ஸ்டூல் எங்க, ஸ்டூல் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன ஸ்டூலு, ஒண்ணும் புரியலை. காலையில தெளிவா பேசுவான்னு நர்ஸ் சொல்லுது."

அறையைக் கழுவிவிட்ட அன்றைக்கு மத்தியானம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். அதை உன்னிடம் சொல்லவில்லை, இல்லையா. கதவைத் தட்டி, வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணா, கீழ நீல ஸ்டூல் இருந்துச்சே, பாத்தீங்களா? எனக்கு எட்டலை" என்றாள். ஒப்பந்தம், ரகசியம் எதுவும் அவளுக்குத் தெரியாது, என்னிடமே வந்து கேட்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகத்தான் பேசினேன்.

"ஸ்டூல் எதுக்கு? நீதான் வளந்துட்டியே. முன்னால இருக்கிற தகரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு எம்பி ஆடு" என்றேன்.

வளர்ந்துவிட்டாய் என்றதும் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? செருப்பைக்கூடப் போடாமல் குதித்துக் குதித்து இறங்கிப் போனாள்.

எழுந்திருக்காதே, அக்கா. சத்தம் கேட்டால் குச்சி முழித்துவிடுவான். நீ உட்கார்ந்திருப்பது அதுதான், ஆனால் அது நம் வீட்டு ஸ்டூல், நம் வீட்டுக்குத்தானே எடுத்து வந்தேன். கீழே இடம் அடைசலாக இருந்தது, அதனால் எடுத்து வந்தேன்.